ஏழை படும் பாட்டை எழுதிய பிரபு



திடலில் இரண்டு காண்டாவை நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பொழுது சாயும் முன்பே பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்து, துணிக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர் என்று உட்கார்ந்து பார்த்த காலம் அது. அந்த நாளையப் படங்களில் 'ஏழை படும் பாடு' என்ற பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பெருமூச்சு விடும் தாத்தா பாட்டிமார் உண்டு. நாகையா கந்தனாக வந்து கண்ணீர் விட வைத்தாரே, அந்தப் படந்தான். அதில் விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு, அந்த வேடமே பெயரோடு ஒட்டிக்கொண்டு, கடைசிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன் ஆனார்.

அந்தக் கதை பிறந்த இடம் கோயமுத்தூரும் அல்ல, சென்னையும் அல்ல. கடல் கடந்த பிரெஞ்சு தேசத்தில் பிறந்த கதை அது. எழுதியவர் பெயர் விக்டர் ஹியூகோ. அவர் ஏழையா என்றால், இல்லை. பட்டினி கிடந்தவரா என்றால், அதுவும் இல்லை. படைத்தளபதியின் மகன், இளம் வயதிலேயே அரசரிடம் மானியம் வாங்கியவர், பின்னாளில் பிரபுப் பட்டம் பெற்று மேல்சபையில் உட்கார்ந்தவர். அப்படிப்பட்டவர் நம்மைப் போன்றவர்களின் பாட்டை எழுத என்ன தகுதி இருந்தது? கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் தேடுவதற்காகவே இந்த வாரம் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல நினைத்தோம்.

தோட்டத்தில் ஒளிந்திருந்தவர்

1802ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், பிரான்சின் கிழக்கே உள்ள பெசான்சோன் என்ற ஊரில் ஹியூகோ பிறந்தார். மூன்று ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை நெப்போலியன் படையில் அதிகாரி; பின்னால் தளபதியாக உயர்ந்தவர். தாயோ பழைய அரச பரம்பரையின் பக்கம். ஒரே வீட்டில் இரண்டு கட்சி! அதோடு வேறு மனக்கசப்புகளும் சேர்ந்து, கணவனும் மனைவியும் பிரிந்தே வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இத்தாலி, ஸ்பெயின் என்று அப்பாவைத் தேடிப் போவதும், பாரிசுக்கு அம்மாவோடு திரும்புவதுமாக அலைந்தார்கள்.

பாரிசில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம். அந்தத் தோட்டத்தின் கோடியில் லாஹோரி என்ற பெரியவர் ஒளிந்து வாழ்ந்தார். தந்தையின் பழைய நண்பர், விக்டருக்கு ஞானத்தந்தை. நெப்போலியனுக்கு எதிராகச் சதி செய்தார் என்று அரசாங்கம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு லத்தீன் பாடம் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரை 1810இல் பிடித்துக்கொண்டு போனார்கள். 1812இல் சுட்டுக் கொன்றார்கள். பத்து வயதுப் பையன் மனத்தில் அது பதியாமல் இருக்குமா? அரசாங்கத்தால் துரத்தப்பட்டு ஒளிந்து வாழும் மனிதன், பின்னால் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறான்.

தந்தை பிள்ளை வேறு படிப்புப் படிக்க வேண்டும் என்று விரும்பினார். பையனுக்கோ எழுத்துப் பைத்தியம். 17 வயதில் அண்ணன்மாரோடு சேர்ந்து பத்திரிகை நடத்தினார். 20 வயதில் முதல் கவிதைத் தொகுதி வந்தது. அதைப் படித்த மன்னர் 18ஆம் லூயி மானியம் கொடுத்தார். கையில் காசு வந்ததும், சின்ன வயது முதல் நேசித்த அடேல் பூஷேயை 1822 அக்டோபரில் மணம் முடித்தார். ஆனால் அந்தத் திருமண நேரத்திலேயே இன்னொரு துன்பமும் வந்தது. அதே பெண்ணை மனத்துக்குள் வைத்திருந்த அண்ணன் யூழேனுக்குச் சித்தம் கலங்கியது. கடைசிவரை அவர் தெளியவே இல்லை, 1837இல் இறந்துபோனார்.

கோயிலைக் காப்பாற்றிய கதை

1829இல் ஹியூகோ ஒரு சிறு நாவல் எழுதினார். தூக்குமேடைக்கு... அல்ல, பிரான்சில் தலையை வெட்டும் இயந்திரம். அதற்குப் போகவிருக்கும் ஒரு கைதியின் கடைசி நாளைப் பற்றிய கதை. மரண தண்டனையே கூடாது என்று அந்தக் காலத்தில் சொல்வது இலேசான காரியமா? அவர் சொன்னார். சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

1831இல் வந்ததுதான் 'நோத்ரதாம் கூனன்' என்று உலகம் அறிந்த நாவல். பதிப்பாளருக்குக் கொடுத்த கெடு நெருங்கிவிட்டதாம். வெளியே போகும் ஆசையே வரக்கூடாது என்று நல்ல உடுப்புகளைப் பூட்டி வைத்துவிட்டு, கம்பளி உடுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு புட்டி மையோடு உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று அவர் மனைவி பின்னாளில் எழுதிய நூலில் சொல்கிறார். மணி அடிக்கும் கூனன், செவிடன், ஊரார் சிரிக்கும் கோர முகத்தான். அவனுக்குள்ளே இருந்த அன்பைக் காட்டிய கதை அது.

அந்தக் கதை இன்னொரு வேலையும் செய்தது. பாரிசின் பழம்பெரும் நோத்ரதாம் தேவாலயம் அப்போது கவனிப்பாரற்றுப் பாழடைந்து கிடந்தது. நாவலைப் படித்த மக்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்கத் திரண்டார்கள். பழுது பார்க்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1840களில் அரசாங்கமே பணம் ஒதுக்கித் திருப்பணி தொடங்கியது. அதே கோயில் 2019 ஏப்ரல் 15ஆம் நாள் தீப்பற்றி எரிந்தபோது, கடைகளில் மக்கள் தேடி வாங்கிய புத்தகமும் இந்த நாவல்தான். 2024 டிசம்பரில் கோயில் மறுபடி திறக்கப்பட்டது. ஒரு கதை ஒரு கட்டடத்தைத் தாங்கி நிற்கும் என்றால் நம்பித்தான் ஆக வேண்டும்.

செய்தித்தாளில் வந்த சாவு

பேரும் புகழும் வந்தன. 1841இல் பிரெஞ்சு அகாடமியில் இடம் கிடைத்தது. 1845இல் மன்னர் லூயி பிலிப் அவரைப் பிரபுவாக்கினார். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் நெஞ்சு ஒடிந்தது.

மூத்த மகள் லியோபோல்டின் அவருக்கு உயிர். 1843 பிப்ரவரியில் கலியாணம் ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், வில்கியே என்ற ஊரில் சேன் ஆற்றில் படகு கவிழ்ந்தது. அவளைக் காப்பாற்ற முயன்ற கணவனும் அவளோடு மூழ்கிப் போனான். அவளுக்கு வயது 19. ஹியூகோ அப்போது ஊரில் இல்லை. ஸ்பெயின் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினார். அதில் தன் மகளின் சாவுச் செய்தி! புதைத்தும் முடித்துவிட்டார்கள்.

அந்தப் பயணத்தில் அவருடன் இருந்தவர் அவர் மனைவியல்ல என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. ஜூலியத் துரூவே என்ற நாடக நடிகையோடு 1833 முதல் அவருக்கு உறவு. மனைவியின் மனமும் முன்பே வேறு பக்கம் சாய்ந்திருந்தது. இவரோ ஜூலியத்துக்கும் உண்மையாக இருந்தவரல்ல. பெரிய மனிதர் என்பதற்காக வீட்டு வாசலில் நின்ற குறைகளைப் பெருக்கித் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்த ஜூலியத் 50 ஆண்டுகள், தான் சாகும்வரை, அவரை விட்டு நகரவில்லை. அவர் கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து நகல் எடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

மகள் போன பிறகு பல ஆண்டுகள் ஹியூகோ புதிய நூல் எதையும் வெளியிடவில்லை.

ஒரு ரொட்டி

1846 பிப்ரவரியில் ஒரு நாள், பாரிஸ் தெருவில் அவர் ஒரு காட்சியைப் பார்த்தார். மெலிந்த ஒரு மனிதனை இரண்டு சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கடுங்குளிர். காலில் சரியான செருப்புக்கூட இல்லை, இரத்தம் கசிகிறது. ரொட்டி திருடினானாம். பக்கத்தில் ஒரு வண்டி நிற்கிறது. உள்ளே பட்டும் வெல்வெட்டும் உடுத்திய சீமாட்டி, மடியருகே குழந்தையோடு சிரித்து விளையாடுகிறாள். அந்த மனிதன் அவளையே பார்க்கிறான். அவளோ அவனைப் பார்க்கவே இல்லை. ஹியூகோ வீட்டுக்குப் போய் இதைக் குறித்து வைத்தார். அவன் அவளைப் பார்த்ததும், அவள் அவனைப் பாராததும் அவரை உலுக்கிவிட்டது.

முந்திய ஆண்டே தொடங்கியிருந்த ஒரு பெரிய நாவலை அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். அதன் நாயகன் ஜான் வால்ஜான், மரத்தில் கிளை கழிக்கும் கூலி. விதவை அக்காளுக்கு ஏழு பிள்ளைகள். வேலையில்லாத குளிர்காலத்தில் அந்தப் பிள்ளைகளின் பசிக்காக ஒரு ரொட்டியைத் திருடுகிறான். தண்டனை ஐந்து ஆண்டு. தப்பி ஓட முயன்று முயன்று அது 19 ஆண்டாகிவிடுகிறது. வெளியே வரும்போது கையில் மஞ்சள் காகிதம் ஒன்று கொடுக்கிறார்கள். எங்கே போனாலும் அதைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தால் யாரும் வேலை தரமாட்டார்கள், படுக்க இடமும் தரமாட்டார்கள். ஒரு காகிதத்தின் நிறம் மனிதனின் தலையெழுத்தாகிவிடும் என்பதை, சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளிய நம்மவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் கதவும் சாத்திய ஊரில் ஒரு வயதான ஆயர் மட்டும் கதவைத் திறந்து சோறு போடுகிறார். அந்த வீட்டிலேயே வெள்ளித் தட்டுகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் வால்ஜான். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது. அந்தப் பெரியவரோ, அவை தாம் கொடுத்தவைதாம் என்று சொல்லி, மறந்துவிட்டுப் போன வெள்ளி விளக்குத் தண்டு இரண்டையும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில்தான் அவன் வாழ்க்கை திரும்புகிறது. 19 ஆண்டுச் சிறை செய்யாத வேலையை ஒரு மனிதரின் நம்பிக்கை செய்து முடித்தது.

தடுப்புச் சுவரின் எந்தப் பக்கம்?

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும்போதே 1848 பிப்ரவரியில் பாரிசில் புரட்சி வெடித்தது. மன்னர் ஓடினார், குடியரசு வந்தது. ஹியூகோ நாவலை மூடி வைத்துவிட்டுச் சட்டமன்ற உறுப்பினரானார். ஜூன் மாதத்தில் வேலை இழந்த தொழிலாளர்கள் தெருவில் தடுப்புச் சுவர் எழுப்பிக் கலகம் செய்தார்கள். அப்போது ஹியூகோ எங்கே நின்றார் தெரியுமா? அரசாங்கப் பக்கம். தொழிலாளர்களின் தடுப்புகளைக் கலைக்கப் போன படையோடு, மன்றத்தின் பிரதிநிதியாக அவரும் போனார். ஆயிரக்கணக்கானோர் மாண்ட நாள்கள் அவை.

பிற்காலத்தில் தன் நாவலில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று உயிர்விட்ட இளைஞர்களைப் பாடிய அதே மனிதர்தான் இவர். நம்மில் சிலருக்கு இதைக் கேட்கக் கசப்பாக இருக்கும். எங்களுக்கும் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் மனிதனை அவன் செய்த ஒரு தவற்றோடு கட்டிப்போடக்கூடாது என்பதுதானே அவர் கதையின் பாடம்? அவர் அதோடு நின்றாரா, திருந்தினாரா என்று பார்ப்போம்.

1849 ஜூலையில் வறுமையை அடியோடு ஒழிக்க முடியும், ஒழிக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை என்று சட்டமன்றத்தில் பேசினார். தன் சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சல் போட்டார்கள். 1851 தொடக்கத்தில் வடக்கே லீல் நகருக்குப் போய், ஆலைத் தொழிலாளர் குடியிருந்த நிலவறைகளில் இறங்கிப் பார்த்தார். தரைக்குக் கீழே, காற்றும் வெளிச்சமும் இல்லாத ஈர அறைகளில் பிள்ளை குட்டிகளோடு மனிதர்கள்! ஆலைகளில் பூட்டப்பட்டு நாள் முழுக்க உழைத்த சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றியும் அவர் கவிதை எழுதியிருக்கிறார். பார்த்துவிட்டு எழுதினார், பார்க்காமல் எழுதவில்லை.

19 ஆண்டு அந்நிய மண்

1851 டிசம்பர் 2ஆம் நாள், அதிபராக இருந்த லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்து ஆட்சியைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டார். இந்த முறை ஹியூகோ தெருவுக்கு வந்து எதிர்த்தார். மக்களை எழுந்து நிற்கச் சொன்னார். எதிர்ப்பு அடங்கிவிட்டது. அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜூலியத் ஒளிந்திருக்க இடம் தேடிக் கொடுத்தார். டிசம்பர் 11ஆம் நாள் இரவு, அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவரின் பெயரில் எடுத்த கடவுச்சீட்டோடு, தொழிலாளி உடுப்பில் பெல்ஜியத்துக்கு இரயில் ஏறினார். பிரபு, தொழிலாளியின் சட்டைக்குள் புகுந்துதான் உயிர் தப்பினார்!

பிறகு ஜெர்சி தீவு. 1855இல் அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். பக்கத்துக் குவர்ன்சித் தீவுக்குப் போய், 1856இல் ஒரு கவிதை நூலின் வருமானத்தில் வீடு வாங்கினார். வீட்டு உச்சியில் கண்ணாடி அறை ஒன்று கட்டினார். அதில் நின்றபடியே எழுதுவார். வானம் தெளிந்த நாளில் தூரத்தில் பிரான்சின் கரை தெரியும். தெரியும், போக முடியாது.

போக முடியாதா? 1859இல் நெப்போலியன் பொது மன்னிப்பு அளித்தார். பலர் திரும்பினார்கள். ஹியூகோ மறுத்துவிட்டார். சுதந்திரம் என்றைக்குத் திரும்புமோ அன்றைக்குத்தான் தாமும் திரும்புவதாக அறிவித்துவிட்டார். கையில் காசு உள்ளவர் வீறாப்புக்குச் சொன்னது என்று நினைக்காதீர்கள். அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. இளைய மகள் அடேல் அந்தத் தீவின் தனிமையில் வாடினாள். ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி மேல் கொண்ட ஒருதலைக் காதலில், 1863இல் வீட்டைவிட்டு அவனைத் தேடிக் கனடாவுக்கும், பிறகு பார்படோஸ் தீவுக்கும் போனாள். 1872இல் சித்தம் கலங்கிய நிலையில் அழைத்து வரப்பட்டாள். 1915இல் சாகும்வரை மனநல விடுதிதான். அந்தப் பெண்ணின் கதையை 1975இல் துரூஃபோ என்ற பிரெஞ்சு இயக்குநர் படமாக எடுத்தார்.

1868இல் மனைவி பிரசல்சில் இறந்தார். மகளின் பக்கத்தில் அடக்கம் செய்ய உடலைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். ஹியூகோ சவப்பெட்டியோடு எல்லைவரை போனார். எல்லையில் நின்றுவிட்டார். சொன்ன சொல்லுக்காக மனைவியின் குழிக்கு ஒரு பிடி மண் போடவும் அவர் போகவில்லை. சரியா தவறா என்று நீங்களே யோசியுங்கள். ஆனால் சொல்லுக்கு விலை உண்டு என்று அவர் நினைத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

கூட்டுக் காசு போட்டு வாங்கிய புத்தகம்

அந்தத் தீவில்தான் 1860இல் பழைய பெட்டியைத் திறந்து, 12 ஆண்டு மூடிக் கிடந்த நாவலை எடுத்தார். விரிவாக்கி எழுதி 1861 ஜூன் 30ஆம் நாள் முடித்தார். பிரசல்ஸ் பதிப்பாளர் லக்ருவா 300,000 பிராங்கு கொடுக்க ஒப்பினார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. பதிப்பாளர் கடன் வாங்கித்தான் கொடுத்தார்.

1862இல் மார்ச் முதல் ஜூன் வரை ஐந்து பாகமாக நூல் வந்தது. பாரிசில் முதல் அச்சு சில நாளில் தீர்ந்தது. புத்தகமோ விலை கூடியது. தொழிற்கூடங்களில் தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு பிரதி வாங்கி, முறை வைத்துப் படித்தார்கள் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கடைத் திண்ணையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட நம் தோட்டத்துப் பழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? விமர்சகர்களில் பலர் குறை சொன்னார்கள். கூலிக்காரர்களோ தங்கள் முகத்தை அதில் கண்டார்கள்.

அதே 1862இல் ஹியூகோ தம் வீட்டில் வாரந்தோறும் தீவின் ஏழைப் பிள்ளைகளை உட்காரவைத்து, இறைச்சியோடு சாப்பாடு போடத் தொடங்கினார். வீட்டாரும் சேர்ந்தே பரிமாறினார்கள்.

திறந்த கதவு

1870இல் போரில் தோற்று நெப்போலியன் சிறைப்பட்டார். குடியரசு அறிவித்த மறுநாளே, செப்டம்பர் 5ஆம் நாள், ஹியூகோ பாரிஸ் வந்து இறங்கினார். இரயில் நிலையத்தில் கூட்டம் கூடி வரவேற்றது. நாட்டை விட்டு ஏறத்தாழ 19 ஆண்டு! வால்ஜான் சிறையில் கிடந்த அதே கணக்கு. நாவலில் அந்த எண் அச்சேறியபோது, தன் வனவாசமும் அத்தனை ஆண்டு ஆகும் என்று அவருக்கே தெரியாது.

1871 வசந்தத்தில் பாரிஸ் தொழிலாளர்கள் கம்யூன் என்ற பெயரில் நகரை ஆண்டார்கள். மே மாதத்தில் அரசுப் படை அதை இரத்த வெள்ளத்தில் அடக்கியது. கம்யூன் செய்த எல்லாமே ஹியூகோவுக்கு உடன்பாடல்ல. ஆனால் தோற்று ஓடிவந்தவர்களுக்குப் பிரசல்சில் தம் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பத்திரிகையில் பகிரங்கமாக அறிவித்தார். அன்றிரவே கூட்டமொன்று வந்து வீட்டின் மேல் கல்லெறிந்தது. உள்ளே பச்சைப் பிள்ளைகளான பேரனும் பேத்தியும் இருந்தார்கள். பெல்ஜிய அரசாங்கம் கல்லெறிந்தவர்களை விட்டுவிட்டு, இவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது.

1848இல் தொழிலாளர்க்கு எதிர்ப்பக்கம் நின்றவர், 1871இல் தோற்ற தொழிலாளர்க்குக் கதவைத் திறந்தார். கதையில் வரும் ஆயரின் கதவை அவர் சொந்த வீட்டில் மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1876இல் செனட் உறுப்பினரானதும், கம்யூன்காரர்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்று வாதாடினார். முதலில் தோற்றார். விடவில்லை. 1880இல் அந்த மன்னிப்பு வந்தது.

இதற்கிடையே மகன் சார்ல் 1871இலும், அடுத்த மகன் 1873இலும் போய்விட்டார்கள். கைக்குழந்தையிலேயே இறந்த முதல் பிள்ளையையும் சேர்த்தால், ஐந்து பிள்ளைகளில் நால்வரை அவர் தம் கண்ணால் பறிகொடுத்தார். மிஞ்சியவள் விடுதியில். பேரப்பிள்ளைகளே கிழவரின் உலகம்.

ஏழைகளின் வண்டி

1885 மே 22ஆம் நாள், 83ஆம் வயதில் ஹியூகோ காலமானார். எழுதிவைத்த இறுதி விருப்பம் மிகச் சுருக்கம். ஏழைகளுக்கு 50,000 பிராங்கு. ஏழைகளைக் கொண்டுபோகும் சவ வண்டியிலேயே தம்மையும் கொண்டுபோக வேண்டும். எந்தத் திருச்சபையின் ஜெபமும் வேண்டாம். கடவுளை நம்புவதாகவும் ஒரு வரி.

அரசாங்கம் பெரும் விழாவே எடுத்தது. பாரிசின் வெற்றி வளைவுக்குக் கீழே உடலை வைத்தார்கள். ஜூன் 1ஆம் நாள் ஊர்வலம். முன்னும் பின்னும் மாலை வண்டிகள், படை வரிசைகள், பெரிய மனிதர்கள். நடுவில் அலங்காரமற்ற கறுப்பு வண்டி. அநாதைப் பிணங்களை ஏற்றும் அதே மாதிரி வண்டி. அதில் பேரப்பிள்ளைகள் வைத்த வெள்ளை மலர் வளையங்கள் இரண்டு மட்டும். இருபது இலட்சம் பேர் திரண்டார்கள் என்று கணக்கிட்டார்கள். நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாந்தியோனில் அவரை வைத்தார்கள்.

திரையிலும் வானொலியிலும்

மனிதர் போனார், வால்ஜான் போகவில்லை. மௌனப் படக் காலத்திலிருந்தே அவனைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். 1934இல் பிரான்சில் ரேமோன் பெர்னார் மிக நீண்ட படமாக எடுத்தார். 1935இல் ஹாலிவுட்டில் பிரெட்ரிக் மார்ச் வால்ஜானாகவும், சார்ல்ஸ் லாட்டன் ஜாவராகவும் நடித்தார்கள். துரத்தும் ஜாவராக வந்த அதே லாட்டன், 1939இல் துரத்தப்படும் கூனனாக நடித்தது வேடிக்கைதான். 1937இல் ஆர்சன் வெல்ஸ் என்ற 22 வயது இளைஞர் அமெரிக்க வானொலியில் இந்தக் கதையை ஏழு வாரத் தொடர் நாடகமாக்கி, வால்ஜானாகத் தாமே குரல் கொடுத்தார். 1980இல் பாரிசில் இசை நாடகமாகி, 1985இல் இலண்டன் மேடை ஏறி, 2012இல் அந்த இசை நாடகமும் படமாயிற்று.

தமிழுக்கு வந்த வழி தனி. பாண்டிச்சேரி ஆசிரமத்தில் பல்லாண்டு வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் பிரெஞ்சு மொழி அறிந்தவர். அவர்தான் இதை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். ஹியூகோவின் இன்னொரு நாவலையும் 'இளிச்சவாயன்' என்று தந்தார். அந்தத் தமிழ் நூலைக் கொண்டு, கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு தயாரிக்க, கே. ராம்நாத் இயக்க, 1950இல் படம் வந்தது. லலிதாவும் பத்மினியும் அதில் நடித்தார்கள். 1972இல் சிவாஜி கணேசன் அந்தோணியாக வாழ்ந்து காட்டிய 'ஞான ஒளி'யிலும் இந்தக் கதையின் சாயல் உண்டு. திருந்தி உயர்ந்தவன், விடாமல் தேடிவரும் போலீஸ் அதிகாரி, நடுவில் ஒரு மகள். பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பசி அறியாதவர் பசியை எழுதலாமா? வண்டிக்குள்ளிருந்த சீமாட்டியும் பசி அறியாதவள்தான். ஹியூகோவும் பசி அறியாதவர்தான். அவள் பார்க்கவில்லை, இவர் பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான். பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருமுறை தவறான பக்கம் நின்றார். பிறகு பக்கம் மாறி, அதற்கு வீட்டையும் நாட்டையும் விலையாகக் கொடுத்தார்.

நம் பக்கத்திலும் வால்ஜான்கள் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் ஏதோ தவறு செய்து உள்ளே போய்வந்த பையனை, வேலை கேட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிறோம். கலியாண வீட்டில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவன் தாய் கோயிலில் ஓரமாக நிற்கிறாள். சட்டம் கொடுத்த தண்டனை முடிந்துவிட்டது. நாம் கொடுக்கும் தண்டனை முடிந்தபாடில்லை. அவனுக்கு ஒரு வேளை சாப்பாடும், ஒரு நல்ல வார்த்தையும் கொடுக்க வெள்ளி விளக்கு எதுவும் தேவையில்லை. அடுத்த முறை அவன் நம் வீட்டுப் படியேறும்போது, கதவைத் திறப்போமே!